பதினாலாம் இலக்கம் பச்சை

பெப்ரவரி 10, செவ்வாய்

காலை பனி. வாடை இன்னும் முற்றாக விடவில்லை. வலது முழங்கால் நோவு, இடது பரவாயில்லை.

செய்ய வேண்டியவை:
1. மீனவர் சங்கக் கந்தோர்க் கூரையில் ஏரியலுக்குத் துரு பிடித்திருக்கிறதா பார்க்க.
2. 9ஆம் இலக்கப் படகுக்குப் பற்றரி.
3. கண் கிளினிக் துண்டு தேட. (நாளை மன்னார்.)

அடுத்த ஊர்ச் சங்கத்தார் நமது கணினித் திரையைப் பற்றி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தலைவர் என்னைத்தான் எழுதச் சொன்னார். இங்கே ஒரு முன்னோட்டம்:

முன்பு கந்தோர்ச் சுவரில் ஒரு பலகை. 23 ஆணி, 23 தகரத்துண்டு. கடலுக்குப் போகும்போது சிவப்புப் பக்கம், வந்து சேர்ந்தால் வெள்ளைப் பக்கம், படகுக்காரரே திருப்பிவிடுவார். கடைசியாகக் கரையேறுபவர் பலகையைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை. சிவப்பு மிஞ்சியிருந்தால் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு படகிலும் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் துண்டு, தன் இலக்கத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். கரையில் நிற்கும் படகு மட்டுமே கந்தோர்க் கணினிக்குக் கேட்கும். கேட்டால் பச்சை, கேட்காவிட்டால் நீலம். செயலி நான் எழுதியது.

‘நான் எழுதியது’ என்பதை வெட்டிவிட வேண்டும். பெருமையாகத் தெரிகிறது.

துண்டுக்குப் படகுக்காரர் வைத்த பெயர் தாயத்து. மனைவி பி. அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

ஜெசிந்தா (கந்தோர் லிகிதர், கணக்கும் கடிதமும் அவள் பொறுப்பு) கணினியைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். உப்புக்காற்றுக்கு விசைகள் இறுகிவிடும், தினமும் பின்னேரம் ஈரமில்லாத துணியால் அழுத்தித் துடைக்கச் சொல்லியிருந்தேன். ஒருநாளும் தவறவிடுவதில்லை.

பெப்ரவரி 11, புதன்

மன்னார். கிளினிக்கில் மூன்று மணி நேரம். வலக்கண்ணில் புரை முற்றவில்லையாம், பொறுக்கலாமாம். பஸ் நிலையத்தில் ஒரு கழுதை ஒருவரின் கடதாசிப் பையைச் சாப்பிட்டது. பையில் என்ன இருந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வர ஆறு மணி. களைப்பு.

பெப்ரவரி 12, வியாழன்

காலை ஏழரைக்குக் கந்தோர். திரையில் 23ம் பச்சை. லூர்தம்மா வந்து நின்றாள், 14ஆம் இலக்கத்துச் சூசையின் மனைவி.

“பிள்ளை, எங்கட ஆள் வந்திட்டாரோ?” என்று ஜெசிந்தாவைக் கேட்டாள். ஜெ. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“வந்திட்டுது அம்மா. பாருங்கோ, பதினாலு பச்சை.”

“அப்ப மீனைக் குடுக்கப் பாலத்தடிக்குப் போயிருப்பார்” என்று சொல்லிப் போய்விட்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்தது. பூசை நேரமில்லை. சூசையும் மருமகன் அன்ரனும் நேற்றுப் பின்னேரம் போனவர்கள், இன்னும் வரவில்லை. பாலத்தடியில் ஒருவரும் காணவில்லை. கரையில் 14 இல்லை.

கந்தோருக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதக் கூடாது, நடந்தேன். திரையில் 14 பச்சை.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். பி. சோற்றை மூடி வைத்தாள். 

பெப்ரவரி 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டார்கள். காலை ஒன்பது மணி, மூன்றாம் மணல்திட்டு. இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது. தேவனுக்கு நன்றி. தேவனுக்கு நன்றி.

புதன் இரவு எஞ்சின் நின்றிருக்கிறது. வாடைக்காற்று தென்மேற்கே தள்ளியிருக்கிறது. வியாழன் காலை முழுக்க மிதந்திருக்கிறார்கள். நண்பகலுக்குத்தான் படகு திட்டில் மோதிப் புரண்டது. சூசைக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. அன்ரனுக்கு உதடு வெடித்து, பேச்சு வரவில்லை.

மோதியது நண்பகல். நான் பச்சை என்று சொன்னது ஏழரை.

இடையில் நாலரை மணி நேரம். கரையில் அப்போது பன்னிரண்டு படகாவது சும்மா நின்றன.

சிலுவைப் பாதைக்குப் பி. போகக் கூப்பிட்டாள். தவக்காலம் இன்னும் தொடங்கவில்லையே என்றேன். “அதுக்கு முதல் போகக் கூடாதெண்டு சட்டமோ?” என்றாள். போகவில்லை.

பெப்ரவரி 14, சனி

மேகமூட்டம். கந்தோர் பூட்டியிருந்தது, திறப்புச் சாவி என்னிடம் ஒன்று உண்டு. தனியே இருந்து கணினியின் நிகழ்வுப் பதிவை வாசித்தேன். மூன்று முறை.

புதன், பி.ப. 3.40. கணினியின் புளூடூத் ரேடியோ நிறுத்தப்பட்டது. விசைப்பலகை வழியாக.

மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை. கையடக்கத் தொலைபேசியில் ஃப்ளைட் மோட் என்பார்களே, அதே. துடைக்கும்போது அழுந்தியிருக்கிறது. 3.40க்குப் படகுகள் எல்லாம் கரையில் நின்றன, எல்லாம் பச்சை. பிறகு கடலுக்குப் போயின. கேட்பதற்குக் காது இல்லாத கணினி பச்சையையே பிடித்துக்கொண்டு இரவு முழுக்க இருந்தது. காலையில் பார்த்தவர்களுக்கு எல்லாம் வந்துவிட்ட மாதிரி.

எனக்காக, தெளிவாக எழுதிவைக்கிறேன்:

இயங்குதளம் ரேடியோவின் நிலையை எப்போதும் அறிந்திருக்கிறது. மாறிய கணத்திலேயே அறிவிக்கிறது. ஆனால் ‘மாறினால் எனக்குச் சொல்’ என்று முன்கூட்டியே பெயர் கொடுத்த செயலிகளுக்கு மட்டும். பெயர் கொடுக்காதவனைத் தேடி வந்து சொல்லாது.

என் செயலி இரண்டுக்குப் பெயர் கொடுத்தது. துண்டு கேட்கத் தொடங்கினால். துண்டு மறைந்தால். மூன்றாவதுக்கு, ரேடியோவே நின்றால் என்பதற்கு, கொடுக்கவில்லை. ரேடியோ நின்றபின் ‘மறைந்தது’ என்ற செய்தியும் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒக்டோபரில் என் கையெழுத்து: ‘ரேடியோ நிலை மாற்ற அறிவிப்பு. பிறகு.’ ஏன் பிறகு என்றும் ஞாபகம் வந்தது. அதைச் சேர்த்தால் முதல் தடவை கணினி ஒரு பெட்டியைத் திறந்து அனுமதி கேட்கும். இது என்ன பெட்டி என்று தலைவர் என்னைக் கேட்பாரே என்று பயம். ஒரு கேள்விக்குப் பயம்.

இன்னொன்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் ‘கடைசியாகக் கேட்ட நேரம்’ இருந்தது. “எழுத்துச் சின்னன் மாஸ்டர், ஒருத்தருக்கும் கண்ணில பிடிக்குதில்லை, எடுத்து விடுங்கோ” என்றார் தலைவர். எடுத்துவிட்டேன். அது இருந்திருந்தால் வியாழன் காலை 14க்குப் பக்கத்தில் ‘நேற்று 3.40’ என்று நின்றிருக்கும்.

முப்பத்தொரு வருடம் புகையிரத நிலைய அதிபர், அதனால்தான் ஊருக்கு நான் மாஸ்டர். கைகாட்டிக் கம்பி அறுந்தால் கை தானாகவே ‘நில்’லுக்குப் போகும், அதற்கென்றே பாரம் கட்டியிருக்கும். தகவல் இல்லையென்றால் பாதை இல்லை என்றுதான் அர்த்தம். புகையிரதத்தில் சேர்ந்த முதல் கிழமை படித்தது. என் திரையில் கம்பி அறுந்தால் பச்சை.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் தலைவர் பிடித்துக்கொண்டார், ரேடியோ நின்றிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

“மாஸ்டர், ஆர் நிப்பாட்டினது எண்டு மெசினில தெரியுமோ?”

ஓம் என்றேன்.

“அப்ப எழுத்தில தாங்கோ. சனம் என்னைத் தின்னுது. உள்ளதை மட்டும் எழுதினாக் காணும்.”

உள்ளதை மட்டும். சரி என்றேன்.

பெப்ரவரி 16, திங்கள்

அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம். ஐந்து வாக்கியம். ‘புதன்கிழமை பி.ப. 3.40க்கு, கந்தோர் லிகிதர் கடமையில் இருந்த வேளையில், விசைப்பலகை வழியாக ரேடியோ நிறுத்தப்பட்டுள்ளது.’ இது மூன்றாவது.

ஐந்தும் உண்மை. ஒன்றையும் மறுக்க ஏலாது. துடைக்கச் சொன்னது யார் என்று இல்லை. நிறுத்தப்பட்டதை அறிய வேண்டியது எது என்று இல்லை. வியாழன் காலை பச்சை என்று சொன்னது யார் என்றும் இல்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் வாசித்துவிட்டு, “படிச்ச ஆக்களின்ர எழுத்து எண்டா இதுதான்” என்றார். தேநீர் தந்தார். குடித்தேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

காற்று இறங்கிவிட்டது. கடல் எண்ணெய் மாதிரி.

ஜெசிந்தாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு பொதுக்கூட்டத்தில் முடிவு. பி.தான் வந்து சொன்னாள், கடையில் கேட்டதாம். கடையில் கேட்ட மற்றவை: காதில் வயர் இல்லாக் கருவியைக் கொழுவிக்கொண்டு நாடகம் பார்க்கிறவளாம். அதற்காகத்தான் எதையோ அமத்தினவளாம். ஆறு வருடம் அவளை இவர்களுக்குத் தெரியும்.

(அந்தக் காதுக்கருவிக்கு ரேடியோ வேண்டும். நிறுத்தினால் அதுவும் கேட்காது. ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், சொல்லவில்லை.)

“இஞ்சேருங்கோ, உந்தப் பிள்ளை அப்பிடிச் செய்யிற பிள்ளையோ?” என்றாள் பி.

“தெரியாமல் அழுந்தியிருக்கும்.”

“அதை எழுதினீங்களோ?”

வெளியே போய்க் கோழிக்கூட்டுக் கதவைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் ஜெசிந்தா. திரும்பும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், மரியாதையாக. அறிக்கையை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் தலையசைத்தாள்.

ஒருநேரச் சாப்பாடு. பசிக்கவில்லை, ஆகவே அது தபசு ஆகாது.

பெப்ரவரி 19, வியாழன்

மன்னார் ஆஸ்பத்திரி. தோடம்பழம் ஆறு, விசுக்கோத்துப் பக்கற் ஒன்று. பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மூன்று வசனமாக்கி மனப்பாடம் செய்தேன்.

சூசையின் கால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. முகம் கறுத்து உரிந்திருக்கிறது. ஆனாலும் பகிடி விட்டார்.

“தாயத்தைப் படகில கட்டினதுதான் பிழை மாஸ்டர். என்ர கழுத்தில கட்டியிருக்க வேணும்.”

லூர்தம்மா சிரிக்கவில்லை. “மாஸ்டரை ஏன் நோகப் பண்ணுறியள்? அவர் என்ன செய்யிறது, மெசின் சொன்னதைத்தானே சொன்னவர். அந்தக் கந்தோர்க் குமர்ப்பிள்ளை செய்த வேலை.”

முதல் வசனம் வாயில் வந்தது. அந்த நேரம் தாதி மருந்து வண்டியோடு வந்தாள். அவள் போய்விட்டாள். நான் தொடங்கவில்லை. தாதியைச் சாட்டாகச் சொல்ல இங்கே எழுதவில்லை, நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

வெளிக்கிடும்போது லூர்தம்மா ஒரு பொலித்தீன் பையைத் தந்தாள். படகின் உடைந்த முன் அணியத்திலிருந்து அன்ரன் கழற்றிக் கொண்டுவந்த புளூடூத் துண்டு. “இது சங்கத்துச் சாமான் எல்லே.”

பஸ்ஸில் கையடக்கத் தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். துண்டு வேலை செய்கிறது. இரண்டு விநாடிக்கு ஒருதரம் தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. திட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பெப்ரவரி 20, வெள்ளி

செயலியைத் திருத்தினேன். காலை ஆறு முதல் பத்து வரை. ஒழுங்கு:

அ. முதலில் ரேடியோ நிலை மாற்றத்துக்குப் பெயர் கொடுக்க.
ஆ. அதற்குப் பிறகே இப்போதைய நிலை என்ன என்று கேட்க. (முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பெயர் கொடுத்தால், இடையில் மாறினால் தெரியவராது.)
இ. நின்றது, முடக்கப்பட்டது, தெரியவில்லை, எந்த அறிவிப்பு வந்தாலும் 23 படகும் மஞ்சள். மஞ்சள் என்றால் ‘தெரியாது’.
ஈ. கணினி உறங்கி எழும்பினாலும் மஞ்சள், ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கும் வரை.
உ. கடைசியாகக் கேட்ட நேரம், பெரிய எழுத்தில்.

அனுமதிப் பெட்டி வந்தது. ‘ஆம்’ அழுத்தினேன். மறைந்துவிட்டது. இரண்டு விநாடி.

மொத்தம் முப்பத்தெட்டு வரி. நாலு மணி நேரம். ஒக்டோபரில் செய்திருக்கலாம்.

பி. பின்னால் வந்து நின்றாள். “என்ன, உங்கட மற்ற வீட்டில விசேஷமோ?” கணினியை அப்படித்தான் சொல்லுவாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டாள். முடிவில்,

“எனக்குச் சொல்லி என்ன? நான் சங்கமோ?”

சிலுவைப் பாதைக்கு இருவரும் போனோம்.

பெப்ரவரி 21, சனி

ஒன்றும் செய்யவில்லை. சட்டை மினுக்கினேன். இரண்டு தரம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கூட்டம் பத்தரைக்கு, கந்தோரில். அறுபது பேர் வரையில். ஜெசிந்தா சுவர் ஓரம், வாங்கில் தனியே. லூர்தம்மாவும் வந்திருந்தாள்.

தலைவர் என் அறிக்கையை வாசித்தார். அவர் குரலில் அது இன்னும் உண்மையாகக் கேட்டது. முடித்துவிட்டு, “ஆருக்காவது சொல்ல இருக்கோ?” என்றார்.

எழும்பினேன். ஏழு குறிப்பு எழுதிய தாள் கையில். வலக்கண் புரையில் எழுத்துத் தெரியவில்லை, வாய்க்குள் வாசித்தேன்.

“சத்தமாக் கதையுங்கோ மாஸ்டர், இது பாவசங்கீர்த்தனமே?” பின்னால் யாரோ. சிரித்தார்கள்.

தாளை மடித்தேன். பழைய செயலியைக் கணினியில் ஓடவிட்டேன், விமான விசையை எல்லோரும் பார்க்க அழுத்தினேன். பச்சை மாறவில்லை. லூர்தம்மா தந்த பையிலிருந்து துண்டை எடுத்துப் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தேன். 14 பச்சை. அது திட்டில் கிடந்தபோதும் இதே பச்சை என்றேன். பிறகு ரேடியோவைத் திரும்பப் போட்டு, புதியதை ஓடவிட்டு அழுத்தினேன். 23ம் மஞ்சள்.

“அப்ப அமத்தினது ஆர்?” என்றார் ஒருவர்.

“ஜெசிந்தா. துடைக்கும்போது. அழுத்தித் துடைக்கச் சொன்னது நான். அமத்தினதை மெசின் அந்த நேரமே சொன்னது. என்ர புரோகிராம் அதைக் கேக்கேல்லை. கேக்க வைக்காதது நான்.”

 தலைவர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, “மாஸ்டர், இதை எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாமே. சபையில வைச்சு” என்றார்.

லூர்தம்மா எழும்பினாள். “அப்ப அண்டைக்கு வந்திட்டுது எண்டு சொன்னீங்களே?”

“தெரியாமல் சொன்னனான், அம்மா.”

“தெரியாதெண்டு சொல்லியிருந்தா நான் கரைக்குப் போய்ப் பாத்திருப்பன். நூறு அடி.”

இருந்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜெசிந்தாவை நாளை முதல் வரச் சொன்னார்கள், கை உயர்த்தி. தகரப் பலகையையும் திரும்ப மாட்டுவது என்று முடிவு. கலைந்து போகும்போது அவள் எனக்கு எதிரே வந்து நின்றாள்.

“அறிக்கையில ஏன் ஐயா எழுதேல்லை?”

இவ்வளவு நாளும் மாஸ்டர் என்றவள்.

  ஆறு நாள் அவள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தகுதி இல்லை.

பெப்ரவரி 23, திங்கள்

23 ஆணியில் நாலு துருவேறி உடைந்துவிட்டன. புதிதாக அடித்தேன். தகரத்துண்டுகளை ஜெ. மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தாள், ஒவ்வொன்றும் கடதாசியில் சுற்றி, இலக்க ஒழுங்கில். எறியாமல் வைத்திருந்திருக்கிறாள்.  தேநீர் தனக்கு மட்டும் ஊற்றினாள். சரிதான்.

14ஆம் துண்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. படகே இல்லை. ஆணியை வெறுமையாக விட்டேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

பனி. முழங்கால் இரண்டும்.

விடியப்புறம் மின்சாரம் நின்றிருக்கிறது, கணினி உறங்கியிருக்கிறது. ஏழு மணிக்கு நான் போகும்போது எழும்பிவிட்டது, ரேடியோ இன்னும் எழும்பவில்லை. எல்லாம் மஞ்சள். பலகையில் இரண்டு சிவப்பு: 6, 19. திருப்ப மறந்தார்களோ, வரவில்லையோ. பழக்கம் விட்டுப்போய்விட்டது, என்னால்.

6ஆம் இலக்கத்தாரின் தாய் வாசலில் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வந்திட்டினமோ மாஸ்டர்?”

ஜெசிந்தா எழுதுவதை நிறுத்தினாள்.

“தெரியாது அம்மா. நில்லுங்கோ, பாத்திட்டு வாறன்.”

செருப்பைப் போடவில்லை. மணல் குளிர்ந்து கிடந்தது. எண்ணிக்கொண்டு போனேன், நூற்றுப் பன்னிரண்டு அடி. நடுவில் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன், கந்தோர் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள்.

19 நின்றது. அதற்கு அப்பால், வலைக்குவியல் மறைத்தபடி, 6. அணியத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம், வந்து அதிக நேரமில்லை.